தாய் வீட்டைக் காரில் கட்டி இழுத்துப்போனது

1

போன வாரம் பேத்திக்கு முதல் பிறந்தநாள். ஆவடியிலிருந்து ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். குவார்ட்டர்ஸில் எங்களுக்கு எதிர்வீட்டில் இருந்த சரோஜா, வாழ்த்துச் சொல்லி முடித்த கையோடு கேட்டாள்:

"யக்கா, நெஜமாவே கேக்கறேன். மவன் ஊட்லேர்ந்து மவ ஊட்டுக்குக் காலைல ப்ளேன் ஏறினா மத்தியானம் எறங்கிடலாமாமே. நீ இன்னாத்துக்கு ஒரு குட்டி ஊட்டைக் காருக்குப் பின்னால கட்டிகினு அத்தினி தூரம் ரோட்லயே போன?"

அவள் ஒருத்திக்குச் சொன்னால், அண்ணனூர் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் அது வேறு கதையாகிவிடும். அதனால் எல்லாருக்குமாக எழுதிவிடுகிறேன். நாலாவது வரை படித்த கை. மெதுவாகத்தான் வரும். எழுத்துப் பிழையை மருமகள் பார்த்துக்கொள்வாள். விஷயத்தில் பிழை இருக்காது.

2

நானும் எங்க வீட்டுக்காரரும் மெல்போர்னில் மகன் குமாரோடு இருக்கிறோம். மகள் பவானி இருப்பது பெர்த்தில். ஒரே நாடுதான், ஆனால் நாட்டின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும். அவள் கட்டிக்கொண்டது டேனியை. அந்த ஊர் வெள்ளைக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நல்ல மனிதர். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார், அவ்வளவு உயரம்.

அவர்கள் வீடு வாங்கியபோது பால் காய்ச்ச எங்களைக் கூப்பிட்டார்கள். அந்தத் தடவை ப்ளேனில்தான் போனோம். கோலம் போட்டேன், பால் பொங்கியது, கற்பூரம் ஏற்றினேன், தாராளமாகச் சாம்பிராணி போட்டேன். மேலே கூரையில் வட்டமாக ஒரு டப்பா இருந்தது. அது கத்த ஆரம்பித்தது. புகை பட்டால் கத்துமாம். பக்கத்து வீட்டுக்காரர் பயந்துபோய்ப் போன் போட்டுவிட்டார். தீயணைப்பு வண்டி வந்தது. முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்ட ஆட்கள் கோலத்தின் மேலேயே நடந்து போய் அடுப்பைப் பார்த்தார்கள். அடுப்பில் சர்க்கரைப் பொங்கல் இருந்தது. ஒருவர் மட்டும் வாங்கிச் சாப்பிட்டார்.

பவானி என் கையிலிருந்த சாம்பிராணிக் கரண்டியைப் பிடுங்கித் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்தாள். "போதும்மா. இது என் வூடு" என்றாள். அதோடு விடாமல் இங்கிலீஷிலும் ஒருமுறை சொன்னாள், வந்திருந்தவர்களுக்கும் புரியட்டும் என்பதுபோல.

"சரி, உன் வூடு. நீயா வாயத் தொறந்து என்னை வான்னு கூப்புடற வரைக்கும் உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பையை எங்க வீட்டுக்காரர் எடுத்துவந்தார்.

எங்கள் வகையறாவில் வார்த்தை விட்டால் விட்டதுதான். சென்னீர்குப்பத்தில் எங்க பெரியப்பா, தம்பியிடம் விட்ட ஒரு வார்த்தைக்காகக் கடைசிவரை அந்தத் தம்பி வீட்டு வழியாகப் போகவில்லை, வயலைச் சுற்றித்தான் போவார். அவர் செத்தபோது பாடையையும் அப்படியே சுற்றித்தான் கொண்டுபோனார்கள். வெயில் காலம். தூக்கினவர்கள் திட்டிக்கொண்டே போனார்கள், ஆனால் சுற்றித்தான் போனார்கள்.

அதற்குப் பிறகு நானும் பவானியும் போனில், "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்" என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

3

அவள் முழுகாமல் இருக்கிற சேதி எனக்கு அவள் அண்ணன் குமார் வழியாகத்தான் வந்தது. ஏழாம் மாதம் ஆனதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் நடந்தது, என் அம்மாவுக்கும் அப்படித்தான்.

ஆனால் தாய் வீடு எங்கே இருக்கிறது? ஆவடியில் இருந்தது குவார்ட்டர்ஸ், ரிட்டயர் ஆன மாதமே சாவியைக் கொடுத்தாயிற்று. செம்பரம்பாக்கத்துப் பக்கம் எங்களுக்கிருந்த நிலத்தில் இப்போது குடோன் நிற்கிறது, அங்கே அட்டைப்பெட்டிகளுக்குத்தான் பிரசவம் பார்க்கலாம். மெல்போர்னில் இருப்பது மகன் வீடு. அது அவளுக்கு அண்ணன் வீடு, தாய் வீடு ஆகாது. அப்படியே ஆனாலும், இத்தனை மாதத்துக்கு மேல் ப்ளேனில் ஏறக்கூடாது என்று அவளுக்கு டாக்டர் சொல்லியாயிற்று. அவள் வர முடியாது. நான் அவள் வாசப்படியை மிதிக்க முடியாது.

இப்படி நான் அல்லாடிக்கொண்டிருந்தபோதுதான் நாலு வீடு தள்ளி ஒருவர் தன் கேரவனை விற்கப் பலகை வைத்திருந்தார். சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற கேரவனை நினைத்துக்கொள்ளாதீர்கள், அது பஸ். இது நம்ம ஊர் மீன்பாடி வண்டிக்குக் கூரை போட்ட மாதிரி. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கை கழுவத் தொட்டி, திரைச்சீலை போட்ட ஜன்னல். கதவுக்குக் கீழே மடக்கி நீட்டுகிற இரும்புப் படி ஒன்று.

நான் அந்தப் படியையே பார்த்தேன். அடுப்பு இருக்கிறது, படுக்க இடம் இருக்கிறது, வாசப்படி இருக்கிறது. வீட்டுக்கு வேறென்ன வேண்டும்?

குமார் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏம்மா, சபதம் போட்டது நீ. நைனா எதுக்கும்மா வண்டி ஓட்டணும்?"

"உங்க நைனா ஆவடி பாக்டரிக்கு ஷிப்ட் பஸ் ஓட்டினவரு. பூந்தமல்லில நின்ன ஆளுங்கள மணியடிக்கறதுக்குள்ள கொண்டாந்து வுட்டவரு. இந்த ரோடு அவருக்கு இன்னா?"

எங்க வீட்டுக்காரர் போய் டயரைத் தட்டிப் பார்த்தார். எனக்கு அது போதும்.

வாங்கின அன்றே ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்து, கேரவனுக்குள் பால் காய்ச்சினேன். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. யாரும் தண்ணீர் ஊற்ற வரவில்லை. அது என் வீடு.

4

எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் முதல் நீளப் பயணம். ஆவடியில் இருந்தவரை அவர் பிறத்தியாரை ஏற்றிக்கொண்டு போனாரே தவிர, என்னை ஏற்றிக்கொண்டு திருப்பதி தாண்டியதில்லை.

முன்னால் போவதில் ஒரு குறையுமில்லை. பின்னால் எடுப்பதுதான் வரவில்லை. பஸ்ஸில் ஒடித்த பக்கம் பின்பக்கம் வரும். கேரவன் கட்டியிருந்தால் நேர்மாறாகத் திரும்பும். முதல் பெட்ரோல் பங்க்கிலேயே தெரிந்துபோனது.

"லெஃப்ட்ல ஒடிய்யா."

"லெஃப்ட்லதான்மே ஒட்சினு கீறேன்."

"அது ரைட்ல போவுதே."

"அத அதுங்கிட்ட சொல்லு."

அது காற்றடிக்கிற மெஷின் மேல் சாய்ந்து நின்றது. லாரிக்காரர்கள் இரண்டு பேர் இறங்கிவந்து, கொக்கியைக் கழற்றி, கேரவனைக் கையாலேயே தள்ளித் திருப்பிக் கொடுத்தார்கள். அதிலிருந்து நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். இனிமேல் ரிவர்ஸ் கிடையாது. முன்பக்கம் நுழைந்து முன்பக்கமாகவே வெளியேறக்கூடிய இடமாக இருந்தால் நிற்போம், இல்லையென்றால் நிற்க மாட்டோம். இந்தக் கொள்கையால் இரண்டு நீர்வீழ்ச்சி, கடற்கரையில் ஒரு பெரிய பாறை, சாப்பாடு நன்றாக இருக்கும் என்று மருமகள் எழுதிக்கொடுத்த ஓட்டல் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விட்டோம். திமிங்கிலம் பார்க்கிற இடம் என்று ஒன்று வந்தது. அங்கே திரும்ப இடம் இருக்குமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் அதுவும் பின்னால் போய்விட்டது.

பிறகு மரமே இல்லாத ஒரு சமவெளி வந்தது. ரோடு கோடு போட்டது மாதிரி போகிறது. வளைவு இல்லை, ஸ்டீயரிங்கைத் தொடவே வேண்டாம். சென்னீர்குப்பம் கூட்ரோட்டில் தண்ணி லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவில் நுழைந்து நுழைந்து ஓட்டிய மனிதருக்கு அது பெரிய அவஸ்தை.

"இன்னாமே இது, ஒருத்தனும் குறுக்க வரமாட்டன்றான்" என்றார். சும்மா ஒருமுறை ஹாரன் அடித்தார். வெகு தூரத்தில் ஒரு கங்காரு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. அதற்கப்புறம் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

5

இந்த நாட்டில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகும்போது செக்போஸ்ட் இருக்கிறது. நம்ம ஊரில் அரிசி, சாராயம் பார்ப்பார்கள். இங்கே காய், பழம், செடி பார்க்கிறார்கள். பூச்சி ஏதாவது சேர்ந்து வந்துவிடுமாம். எலுமிச்சம்பழம் போனது, வாழைப்பழத்தை நாங்களே அங்கே நின்று தின்றோம், பிரசவ மருந்துக்கு வைத்திருந்த தேனும் போனது. பரவாயில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியோடு எடுத்தபோதுதான் எனக்குப் பகீரென்றது.

பவானி அண்ணனிடம் கறிவேப்பிலைப் பொடி தின்ன ஆசையாயிருக்கிறது என்று சொல்லியிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை, அண்ணனிடம்தான். அதற்காகவே மருமகள் வளர்த்த செடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

செக்போஸ்ட்டில் இருந்தது சின்னப் பெண். செடியைக் காட்டி, கூடாது என்று தலையாட்டியது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நிதானமாக விளக்கினேன். "டாட்டர். பேபி. ஈட்டிங்."

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. ஒரு அடி பின்னால் போய்விட்டது.

எங்க வீட்டுக்காரர் குறுக்கே வந்து கையால் வயிறு வரைந்து காட்டி, இலையைக் காட்டி, வாயைக் காட்டினார். அந்தப் பெண் மூச்சு விட்டுச் சிரித்தது. செடி கூடாது, பச்சை இலையும் கூடாது, சமைத்த சாப்பாடானால் போகலாம் என்றது.

"அவ்ளோதானே?" என்றேன்.

கேரவனை ஓரங்கட்டி அடுப்பைப் பற்றவைத்தேன். ஒரு இலை மிச்சமில்லாமல் உருவி, மிளகாய், உளுத்தம்பருப்பு, புளி, பெருங்காயம் போட்டு வறுத்தேன். மிளகாய் நெடி செக்போஸ்ட் முழுக்கப் பரவியது. வரிசையில் நின்ற கார்களின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக ஏறின. அந்தப் பெண் தும்மிக்கொண்டே வேலை பார்த்தது. பொடித்து ஜாடியில் போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன்.

"வாட் இஸ் திஸ்?"

"பவுடர்."

மறுபடி முகம் மாறியது. எங்க வீட்டுக்காரர் அவசரமாக ஒரு விரல் எடுத்து நக்கிக் காட்டினார். அந்தப் பெண்ணும் ஒரு சிட்டிகை வாயில் போட்டது, கண்ணில் தண்ணீர் வந்தது, கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது. இலையில்லாத குச்சியை உறை போட்ட கையால் வாங்கிக்கொண்டு, போகலாம் என்றது.

6

பெர்த்தில் மகள் வீட்டுக்கு முன்னால் கார் போட ஒரு நீளச் சந்து உண்டு. எங்கள் கொள்கையின் முதல் பாதிப்படி முன்பக்கமாகவே அதில் நுழைந்துவிட்டோம். முன்னால் ஷெட், ஷெட்டுக்குள் டேனியின் கார், அதற்குப் பின்னால் எங்கள் கார், அதற்குப் பின்னால் என் வீடு. ரிவர்ஸ் எடுக்காமல் யாரும் எங்கேயும் போக முடியாது. டேனி பார்த்தார், யோசித்தார், மறுநாளிலிருந்து பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் நல்ல மனிதர் என்றேன்.

பவானி கதவைத் திறந்து நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. கால் வீங்கியிருந்தது. நான் கேரவன் பக்கத்தில் நின்றேன்.

"வந்துட்டியா?" என்றாள்.

"வந்துட்டேன்" என்றேன்.

நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்துட்டியா என்பது வேறு, வா என்பது வேறு. நான் திரும்பி என் படியில் ஏறி, என் அடுப்பைப் பற்றவைத்தேன்.

சபதம் என்னுடையது, எங்க வீட்டுக்காரருடையது அல்ல. அவர் பாட்டுக்கு மகள் வீட்டுக்குள் போவார், வெந்நீரில் குளிப்பார், டிவி பார்ப்பார், ஏசியில் தூங்குவார். எனக்குத் தெருமுனைப் பூங்காவில் இருக்கிற குளியலறைதான். காலையில் துண்டும் சோப்புமாக நான் போவதைப் பார்த்து, நாயோடு நடக்கிறவர்கள் குட் மார்னிங் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டு, கறிவேப்பிலைப் பொடி போட்டுப் பிசைந்தேன். ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் பிசைந்தேன். கொஞ்ச நேரத்தில் படிக்குக் கீழே நிழல் தெரிந்தது.

"இன்னாம்மா, வாசனை ஊடு வரைக்கும் வருது."

"உள்ள வா" என்றேன். என் வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வேன். அதில் நான் கணக்குப் பார்ப்பதில்லை.

ஏறி உட்கார்ந்தாள். தட்டை வழித்துத் தின்றாள். தின்றுவிட்டு அந்தக் கட்டிலிலேயே காலை நீட்டிப் படுத்து, சாயங்காலம் வரை தூங்கினாள். காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். மறுநாள் தலையணையோடு வந்தாள். அதன்பின் இரவிலும் என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். எங்க வீட்டுக்காரருக்கு அவர்கள் வீட்டில் தனி ரூம் கிடைத்தது.

எல்லாம் பேசினாள். வா என்று மட்டும் சொல்லவில்லை. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் எங்க வீட்டுக்காரரை விட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டுவந்து சொன்னார்:

"பெத்த தாய எவளாவது வான்னு கூப்புடுவாளா நைனா, அவளால்ல உரிமையா வரணும், அப்டின்றாமே."

"நீ இன்னா சொன்ன?"

"அதுவும் நாயந்தான்னேன்."

"அப்ப நான் சொல்றது?"

"அதுவும் நாயந்தாமே. என்னை வுடு, மேட்ச் ஓடிகினு கீது."

அவள் என் வயிற்றில் பிறந்தவள்தான். சந்தேகமே இல்லை.

7

வலி எடுத்தபோது மூன்று வண்டியும் ஒன்றன் பின் ஒன்றாக அடைபட்டுக் கிடந்தன. முன்பு தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டாரே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தாய் வீட்டிலிருந்து கிளம்பிப் போய்ப் பெண் குழந்தை பெற்றாள். திரும்பி வந்ததும் என் இரும்புப் படியில் நிறுத்தி ஆரத்தி எடுத்தேன்.

இந்த ஊரில் பிரசவமான வீட்டுக்கு நர்ஸ் வந்து பார்ப்பாள். வந்தவள் பெரிய வீட்டுக் கதவைத் தட்டினாள். டேனி திறந்து, குழந்தை அங்கே என்று கேரவனைக் காட்டினார். அவள் வீட்டைப் பார்த்தாள், கேரவனைப் பார்த்தாள், டேனியை ஒரு பார்வை பார்த்தாள். அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு வந்து, பவானியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என்னவோ கேட்டாள். பவானி சிரித்ததில் குழந்தை விழித்துக்கொண்டது.

"இன்னாடி சொல்றா?"

"டேனி என்னை அடிச்சு வெளிய தொரத்திட்டாரான்னு கேக்கறாம்மா."

பிறகு பவானி வெகுநேரம் இங்கிலீஷில் விளக்கினாள். எனக்கு நடுவில் ஒரு வரி நன்றாகப் புரிந்தது. திஸ் இஸ் மை மதர்ஸ் ஹவுஸ் என்றாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பி, பாலைத் துழாவினேன்.

நர்ஸுக்குப் புரிந்ததோ என்னவோ, எழுதிக்கொண்டாள். ஆனால் இந்தத் தகர வண்டியில் பகல் சூடு குழந்தைக்கு ஆகாது, அடுத்த வாரம் வரும்போது குழந்தை வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். எங்க வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். குழந்தை உள்ளே போகும். தாய் கூடப் போவாள். நான்?

8

தாய் வீட்டில் பிரசவமானால், பெண்ணையும் பிள்ளையையும் புருஷன் வீட்டில் கொண்டுவிட வேண்டியது தாயின் கடமை. அவசரம் என்றாலும் முறையாகத்தான் செய்ய வேண்டும். தட்டில் மஞ்சள், குங்குமம், பழம், குழந்தைக்குக் கொலுசு வைத்தேன். குழந்தை என் கையில், தட்டு பவானி கையில், துணி மூட்டை எங்க வீட்டுக்காரர் தோளில்.

கேரவன் படியிலிருந்து அவர்கள் வாசல் கூப்பிடு தூரம்கூட இல்லை. தாய் வீட்டிலிருந்து புருஷன் வீடு போகிறவள் அப்படியா பொசுக்கென்று போய்ச் சேருவாள்? அதனால் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினோம். பூங்கா வழியாக, நாய்க்காரர்கள் எல்லாரும் நின்று குழந்தையைப் பார்த்துக் கையாட்ட, பவானி பட்டுப்புடவையில் தலை குனிந்துகொண்டு, "கடவுளே, என் பாஸ் ஊடு இந்தத் தெருதாம்மா" என்று முணுமுணுத்தபடி வர, போய்ச் சேர்ந்தோம்.

டேனி வேட்டி கட்டி வாசலுக்கு உள்ளே நின்றார். பவானி முதலில் படி தாண்டி உள்ளே போய், அவர் பக்கத்தில் நின்று திரும்பினாள். நான் படிக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே கால் வைக்காமல் குழந்தையைக் கொடுத்துவிடலாம் என்று வழி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். இடுப்பை வளைத்து, கையை நீட்டினேன். இதுதான் முறை என்று நினைத்துக்கொண்டு டேனியும் எட்டத்திலேயே நின்று கையை நீட்டினார். எட்டவில்லை. குழந்தை நடுவில் என் கையில் ஆடியது. பவானி என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் திறக்கவில்லை. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே நின்றேன்.

அப்போது டேனி தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைக் கும்பிட்டு, மனப்பாடம் பண்ணியது மாதிரி தமிழில் சொன்னார்:

"அத்தை, போங்க. போங்க, போங்க."

அவர் மேல் தப்பில்லை. தினம் ராத்திரி கேரவன் வாசலில் வந்து பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு நிற்பார். நேரமாச்சு, போங்க, போய்ப் படுங்க என்று நான்தான் அன்பாகச் சொல்லி அனுப்புவேன். வாசலில் நிற்கிற பெரியவர்களுக்குச் சொல்கிற மரியாதை அதுதான் என்று மனிதர் நினைத்துவிட்டார்.

பவானி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. புருஷன் முகத்தைப் பார்த்து, தமிழிலேயே சொன்னாள்:

"ஐயோ டேனி, போங்க இல்ல. வாங்க. உள்ள வாங்கம்மான்னு சொல்லணும். உள்ள வாங்கம்மா."

டேனியைப் பார்த்துத்தான் சொன்னாள். பாடம் சொல்லிக் கொடுத்தாளா, என்னைக் கூப்பிட்டாளா என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். வாயைத் திறந்து சொன்னாள். நான் கேட்டது வா. அவள் சொன்னது வாங்க. அதுவும் மூன்று தடவை.

"நடமே, மூட்ட கனக்குது" என்றார் பின்னாலிருந்தவர்.

வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனேன்.